ஆஸ்பத்திரிக்குள் லாட்டா, கேட்டுக்கு வெளியே கடையா? பினாங்கில் சிறு வியாபாரம் தொடங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் ஆள் குறைப்பு என்று பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்வி வந்துவிடும். "அண்ணே, விஎஸ்எஸ் காசு கொஞ்சம் கையில இருக்கு. ஆஸ்பத்திரிக்குள்ள ஒரு லாட் கிடைக்கும்போல. எடுக்கலாமா?" (விஎஸ்எஸ் என்பது தானாக வேலையை விட்டு விலகுகிறவருக்குத் தொழிற்சாலை கொடுக்கும் தொகை, லாட் என்பது வாடகைக்கு விடும் சின்னக் கடையிடம்.) சின்னக் கடைகளுக்கு பிஸ்கட், தண்ணீர், டிஷ்யூ என்று சரக்கு போடுவது என் பிழைப்பு. ஒரு கடையில் என்ன ஓடுகிறது, எது தூசி படிந்து நிற்கிறது என்பது கடைக்காரரின் வீட்டம்மாவுக்கு அடுத்தபடியாக எனக்குத் தெரிந்துவிடும்.

கேட்கிறவர்கள் எல்லாரும் சொல்லும் காரணம் ஒன்றுதான்: "ஆஸ்பத்திரியில் கூட்டத்துக்கா பஞ்சம்?" பஞ்சமில்லைதான். ஆனால் லாட் எடுத்தவர்கள் கையைச் சுட்டுக்கொண்ட இடங்களிலும் கூட்டத்துக்குக் குறைவு இருந்ததில்லை. அதனால் கூட்டத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, எதை வைத்து அளப்பது என்று முதலில் பார்ப்போம்.

## அளவுகோல்கள்

முதல் கேள்வி: ஒப்பந்தம் யார் பெயரில், எத்தனை வருஷத்துக்கு? பலர் இதைக் கடைசியாகக் கேட்கிறார்கள், சிலர் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால், மற்ற நான்கு கேள்விக்கும் நல்ல பதில் கிடைத்து, இதற்கு மட்டும் பதில் சரியில்லை என்றால் அந்த இடத்தை விட்டுவிடலாம்.

இரண்டாவது: கடை முன்னால் நடப்பது யார், எந்த நேரத்தில்? படுக்கையில் இருப்பவர் அதிகம் வாங்குவதில்லை. வாங்குகிறவர் துணைக்கு வந்தவர், பார்க்க வந்தவர், அப்புறம் வேலை செய்கிறவர். இந்த மூன்று பேருக்கும் தேவை வேறு, நேரம் வேறு.

மூன்றாவது, எதை விற்க விடுவார்கள் என்பது. நான்காவது, கடையில் யார் நிற்பது என்பது. ஐந்தாவது: ஒரு நாள் வெளியேற வேண்டி வந்தால் போட்ட காசில் எவ்வளவு திரும்பும்?

## ஒரு நாளைக்கு எத்தனை பேர் வாங்க வேண்டும்?

ஒரு கணக்குப் போடலாம். எல்லாம் உதாரண எண்கள்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். சில்லறைச் சாமான்களில் சராசரியாக நூற்றுக்கு 25 லாபம் என்று வைத்துக்கொள்வோம். வாடகை 1,500 ரிங்கிட். மின்சாரம், பை, சில்லறைச் செலவு 300. உங்கள் வீட்டுக்கு மாதம் 2,500 வேண்டும்.

இப்போது ஒரு ஆள். குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் கடைகளுக்கும் 2025 ஆகஸ்ட் 1 முதல் இதுதான். அதற்குமேல் ஊழியர் சேமநிதிக்கு முதலாளி பங்கு நூற்றுக்கு 13, அதாவது 221 ரிங்கிட். சொக்சோ என்ற தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சந்தாவையும் சேர்த்தால் ஏறத்தாழ 1,950-க்கு வந்து நிற்கும்.

எல்லாம் கூட்டினால் 6,250. நூற்றுக்கு 25 லாபத்தில் இதை எடுக்க மாதம் 25,000 ரிங்கிட்டுக்கு விற்க வேண்டும். 26 நாள் திறந்தால் நாளுக்கு 960 ரிங்கிட் சொச்சம். ஒரு ஆள் சராசரியாக ஆறு வெள்ளிக்கு, அதாவது ஆறு ரிங்கிட்டுக்கு, வாங்கினால் 160 பேர். பதினொரு மணி நேரம் திறந்திருந்தால் மணிக்குப் பதினைந்து பேர், நாலு நிமிடத்துக்கு ஒருவர், இடைவிடாமல்.

லாட் எடுக்கும் முன் அந்த இடத்தில் ஒரு சாதாரண புதன்கிழமையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் போய் உட்காருங்கள். கடந்து போகிறவர்களை எண்ணாதீர்கள், கையில் பையோடு போகிறவர்களை எண்ணுங்கள். பக்கத்தில் வேறு கடை இருந்தால் அங்கே காசு கொடுக்கிறவர்களை எண்ணுங்கள். லாட் காட்டுகிறவர் சொல்லும் "ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் வர்றாங்க" என்ற பேச்சுக்கும் இந்த எண்ணுக்கும் உள்ள தூரம் அப்போது தெரியும்.

## அரசாங்க மருத்துவமனைக்குள் லாட்

ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பினாங்கு மருத்துவமனை, கோலாலம்பூர் என்றால் ஜாலான் பகாங்கில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரி. இந்த மாதிரி இடங்கள்.

நேரம்: ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்குகள் திங்கள் முதல் வெள்ளி வரை. காலை ஏழு மணிக்கே நம்பர் எடுக்க ஆள் வந்துவிடும். ரத்தப் பரிசோதனைக்காக வெறும் வயிற்றோடு வந்தவர்கள் ரத்தம் எடுத்து முடித்ததும் ஒரு பன்னும் ஒரு பாக்கெட் மைலோவும் வாங்குவார்கள். எட்டரைக்கு மேல் அந்த வியாபாரம் ஓய்ந்துவிடும். அடுத்த அலை மதியம் பார்வை நேரத்தில், அதற்கடுத்தது மாலை ஐந்து மணி வாக்கில். சனி ஞாயிறு கிளினிக் கிடையாது, வார்டுக்கு வருகிறவர்கள் மட்டும்தான். மேலே போட்ட 26 நாள் கணக்கு இங்கே பெயருக்குத்தான். நாலு வாரத்தில் எட்டு நாள் மந்தம்.

சரக்கு: அதிகம் ஓடுவது அவசரத்துக்கு வேண்டியவை. திடீரென்று வார்டில் சேர்த்தவர்கள் வெறுங்கையோடு நிற்பார்கள். பெரியவர்களுக்கான பேம்பர்ஸ், ஈர டிஷ்யூ, பல் துலக்கி, கைலி, செலிப்பர், வெந்நீர் பிளாஸ்க், போன் சார்ஜர் வயர். பேம்பர்ஸை ஒரு பொட்டலமாக மட்டும் வைத்தால் பாதிப்பேர் விலையைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். பிரித்து இரண்டு மூன்றாகத் தந்தால் வாங்குவார்கள், மறுநாள் முழுப் பொட்டலம் கேட்டு அவர்களே வருவார்கள். ஒரு போட்டோஸ்டாட் மெஷின் வைத்தால் ஐசி நகல், உத்தரவாதக் கடிதம் என்று நாள் முழுக்க வரிசை நிற்கும். சில்லறைக் காசுதான், ஆனால் நகல் எடுக்க வந்தவர் தண்ணீர் வாங்காமல் போவது அபூர்வம்.

விலையில் மட்டும் ஆசைப்படாதீர்கள். பொதுச் சிகிச்சைக்கு 1 ரிங்கிட்டும் ஸ்பெஷலிஸ்டுக்கு 5 ரிங்கிட்டும் கட்டிவிட்டு உட்கார்ந்திருக்கும் மக்கள் இவர்கள். வெளியே விற்பதைவிடத் தண்ணீர் விலை ஐம்பது காசு ஏறினாலும் முகம் சுளிப்பார்கள். எல்லாச் சாமானிலும் விலை ஒட்டியிருக்க வேண்டும் என்பது சட்டம், இங்கே அதைப் பார்க்கிற கண்களும் அதிகம்.

கட்டுப்பாடு: சிகரெட்டை மறந்துவிடுங்கள், மருத்துவமனை வளாகம் முழுக்கப் புகைத்தடை. பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் பால் மாவு டின்னை அடுக்கி வியாபாரம் பார்க்கலாம் என்று நினைத்தால் அதுவும் ஆகாது. குழந்தை உணவு விளம்பரத்துக்கு நம் நாட்டில் நெறிமுறை உண்டு, மருத்துவமனைக்குள் அதன் விளம்பரம் கூடாது.

கிடைக்கும் வழி: பெரும்பாலும் சபுட் ஹர்கா (விலை கேட்பு) அல்லது டெண்டர். அறிவிப்பு வரும், இடத்தைப் பார்வையிடும் நாள் ஒன்று இருக்கும், அன்று போகாதவரின் விண்ணப்பத்தை எடுக்க மாட்டார்கள். டெண்டர் பெட்டி மூடும் நேரத்துக்கு ஐந்து நிமிடம் தாமதித்தாலும் கதை முடிந்தது. நிதியமைச்சில் பதிந்த நிறுவனமா, பூமிபுத்ராவுக்கு (மலாய்க்காரர், பூர்வகுடியினர்) மட்டுமா என்பதையெல்லாம் அறிவிப்பின் முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டு அப்புறம் பாரம் நிரப்புங்கள்.

மறைந்திருக்கும் செலவு: இங்கே வாடகை இவ்வளவு தருகிறேன் என்று எழுதிக் கொடுப்பது நீங்கள்தான். எப்படியாவது கிடைக்கட்டும் என்று கூடப் போட்டுவிட்டு, இரண்டு மூன்று வருஷம் அந்த எண்ணோடு மல்லுக்கட்டுகிறவர்கள் உண்டு. ஒப்பந்தம் முடிந்தால் மறுபடியும் டெண்டர், பழைய கடைக்காரர் என்ற சலுகையை எதிர்பார்க்க முடியாது.

இன்னொன்று, மருத்துவமனை இருந்தபடியே இருக்காது. கோலாலம்பூரில் துங்கு அசிசா மருத்துவமனை வந்தபோது பிரசவமும் குழந்தைகள் பிரிவும் பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து அங்கே போயின. நீங்கள் குழந்தைச் சாமானாக அடுக்கி வைத்திருந்தால் என்ன ஆகும்? காரில் உட்கார்ந்தபடியே மருந்து வாங்கும் வசதி, மருந்தைத் தபாலில் அனுப்பும் வசதி இதெல்லாம் நோயாளிக்கு நல்லது. உங்கள் கடைக்கு முன்னால் காத்திருக்கும் கூட்டம் அந்த அளவுக்குக் குறையும்.

யாருக்குச் சரி: கணவன் மனைவி இருவரும் மாறி மாறி நிற்க முடிந்தவர்களுக்கு. ஆள் போட்டு நடத்த நினைப்பவர்களுக்கு வேண்டாம். தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் வார்டு மூடாது, கடையும் மூடாது.

## தனியார் மருத்துவமனையின் லாபியில்

பினாங்கில் இது தனி உலகம். கிளெனீகல்ஸ், ஐலண்ட், அட்வென்டிஸ்ட், லோ குவான் லை எல்லாம் ஜார்ஜ்டவுனிலும் அதன் ஓரத்திலும் கிட்டக் கிட்ட இருக்கின்றன. மேடானிலிருந்தும் ஜகார்த்தாவிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் குடும்பத்தோடு வருகிறார்கள், பல நாள் தங்குகிறார்கள். கோலாலம்பூர்த் தனியார் மருத்துவமனையில் பார்க்கிற கூட்டத்துக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

சரக்கு: இந்தோனேசியாவில் இரண்டு உருண்டைக் கால் வைத்த பிளக், நம் சுவரில் மூன்று சதுர ஓட்டை. வந்த அன்றே அடாப்டர் தேடுவார்கள். சிம் கார்டு, தைல எண்ணெய், ஊருக்கு எடுத்துப்போகத் தாவ் சார் பியா (பயறு வைத்த பிஸ்கட்), ஜாதிக்காய். அவர்கள் நாட்டு கியூரிஸ் செயலியால் நம் டூயிட்நவ் கியூஆரில் காசு கட்டும் வசதி 2023-லேயே வந்துவிட்டது, அதனால் ரொக்கம் இல்லை என்று வியாபாரம் நிற்காது. நோயாளியைப் பார்க்க வரும் உள்ளூர்க்காரர்கள் கோழிச் சாறு, பழக்கூடை என்று ஒரு தடவைக்குப் பெரிதாகவே வாங்குவார்கள். ஆறு வெள்ளி சராசரி இங்கே இருபதாகவும் இருக்கலாம்.

அந்தச் சராசரியைப் பார்த்து வாடகையும் ஏறியிருக்கும். அடிப்படை வாடகை ஒன்று, அதற்குமேல் விற்பனையில் இத்தனை பங்கு என்று கேட்கும் இடங்கள் உண்டு. உங்கள் கல்லா மெஷின் கணக்கு அவர்கள் பார்வைக்குப் போகும்.

மறைந்திருக்கும் செலவு: கடையைக் கட்டுவது. வரைபடம் ஒப்புதலுக்குப் போக வேண்டும், பலகை தீப்பிடிக்காத ரகமாக இருக்க வேண்டும், நோயாளிகள் இருப்பதால் ஆணி அடிப்பது கூட இரவில்தான். கடை கட்டும் குத்தகைக்காரரின் இரவுக் கூலியை யார் கொடுப்பது? நீங்கள்தான். காப்புறுதி தனி. வெளியேறும்போது எல்லாவற்றையும் பிரித்து, பழையபடி சுவரைப் பூசிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். நிர்வாகம் விரும்பினால் உங்களை வேறு மூலைக்கு மாற்றலாம் என்று இன்னொரு வரி இருக்கும். இரண்டாவது வரிதான் ஆபத்து. லிஃப்டுக்கு எதிரில் இருந்த கடை பார்க்கிங் படிக்கட்டுக்குக் கீழே போனால் பாதி வியாபாரம் போச்சு.

ஏற்கெனவே உள்ளே இருக்கும் காப்பிக் கடைக்கோ மருந்தகத்துக்கோ சில பொருள்களை விற்கும் தனி உரிமை இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பானம் விற்கக் கூடாது என்று அப்புறம் தெரிந்தால் குளிர்பெட்டிக்குப் போட்ட காசு வீண். 2025 ஜூலை 1 முதல் கடை வாடகைக்கும் சேவை வரி வந்திருக்கிறது. சிறு வியாபாரிகளுக்கு விலக்கு உண்டு, ஆனால் அது தானாக வந்து விழாது, நிர்வாகத்திடம் கேட்டு அதற்கான பாரத்தைக் கொடுக்க வேண்டும்.

யாருக்குச் சரி: கையில் முதல் உள்ளவருக்கு, வேறெங்கும் கிடைக்காத சரக்கு வைத்திருப்பவருக்கு. தண்ணீரும் பிஸ்கட்டும் விற்கத் தனியார் லாபிக்குப் போகாதீர்கள். அதைச் செவன் இலெவனும் கேகே மார்ட்டும் உங்களைவிட மலிவாக வாங்கி விற்கும்.

## கேட்டுக்கு வெளியே கடை

இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை, நானாகத்தான் சொல்வது. மருத்துவமனைச் சுவருக்கு வெளியே, எதிர்ச்சாரியில் ஒரு கடையோ கடையில் பாதி இடமோ.

வாடகை கூடுதலாக இருக்கும். இரண்டு மாத டிபாசிட், ஒரு மாத முன்பணம், மின்சாரத் தண்ணீருக்கு அரை மாதம் என்பது வழக்கம். மாநகர் மன்ற லைசன்சும் விளம்பரப் பலகை அனுமதியும் நீங்களே எடுக்க வேண்டும். தீவுக்கு ஒரு மன்றம், எதிர்க்கரைச் செபராங் பிறைக்கு ஒரு மன்றம், பாரம் வேறு. பலகையில் மலாய் எழுத்து முதன்மையாக இருக்க வேண்டும். மழை பெய்தால் சாலையைக் கடந்து யாரும் வர மாட்டார்கள், இதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் மருத்துவமனை ஒன்று மட்டுமே உங்கள் வாடிக்கையாளர் இல்லை. தாதியரின் ஷிப்டு காலை ஏழு, மதியம் இரண்டு, இரவு ஒன்பது என்று மாறும். ஒன்பது மணிக்கு வேலை முடிந்து வருகிறவர் வீட்டுக்கு ரொட்டி முட்டை வாங்க உள்ளே பெரும்பாலும் கடை திறந்திருக்காது. அக்கம்பக்கத்து வீடுகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வருவார்கள். கோலாலம்பூரில் எம்ஆர்டி புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுமையாகத் திறந்தபோது பெரிய ஆஸ்பத்திரிக்கென்று ஒரு நிலையம் வந்தது. அந்த மாதிரி ஒரு நடைபாதை உங்கள் கடை வழியே போனால் அதிர்ஷ்டம்.

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாடு வந்ததை நினைத்துப் பாருங்கள். வார்டுக்குப் பார்வையாளர் வருவது நின்றது, உள்ளே இருந்த சின்னக் கடைகளுக்கு வியாபாரம் வர வழியே இல்லை. வெளியே இருந்த மளிகைக் கடை திறந்திருந்தது, வரிசையில் ஆள் நின்றது.

வெளியேறும்போதும் இதுதான் லாபம். குளிர்பெட்டியும் அலமாரியும் உங்கள் சொத்து, வாடிக்கையாளரோடு கடையையே இன்னொருவருக்கு விலை பேசலாம். உள்ளே இருக்கும் லாட்டில் விற்பதற்கு உங்களுடையது என்று எதுவும் இல்லை.

யாருக்குச் சரி: முதல்முறை வியாபாரத்துக்கு வருகிறவருக்கு. விஎஸ்எஸ் காசோடு வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்வது இதுதான்.

## ஒரே பார்வையில்

| கேள்வி | அரசாங்க மருத்துவமனை | தனியார் லாபி | கேட்டுக்கு வெளியே |
|---|---|---|---|
| உரிமை | ஒப்பந்தக் காலம் மட்டும், பிறகு மறு டெண்டர் | இடம் மாற்றும் வரியைப் பாருங்கள் | வாடகை ஒப்பந்தம், புதுப்பிக்கப் பேசலாம் |
| வாங்குகிறவர் | துணைக்கு வந்தவர், விலை பார்ப்பவர் | வெளிநாட்டுக் குடும்பங்கள், பார்வையாளர் | தாதியர், அக்கம்பக்கம், பார்வையாளர் |
| மந்தமான நேரம் | சனி, ஞாயிறு | கிளினிக் மூடும் இரவு | மழை நேரம் |
| தொடக்கச் செலவு | குறைவு | மிக அதிகம் | நடுத்தரம் |
| வெளியேறினால் திரும்புவது | டிபாசிட், சரக்கு | டிபாசிட்டில் பழுது கழித்து மீதி | டிபாசிட், சாமான், கடையின் விலை |

தானியங்கி விற்பனை இயந்திரம் வைக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். ஒரு இயந்திரம் வைத்துச் சோறு சாப்பிட முடியாது. பத்து வைத்தால் அது வேறு தொழில், அதற்கு ஒரு வேனும் ஒரு மெக்கானிக்கும் வேண்டும்.

## கைமாற்று லாட்

இப்போது முதல் கேள்விக்கு, ஒப்பந்தம் யார் பெயரில் என்பதற்கு, வருகிறேன். "லாட் கிடைக்கும்போல" என்று வருகிறவர்களை எப்படிக் கிடைக்கிறது என்று கேட்டால், பலருக்குப் பதில் ஒன்றுதான்: டெண்டர் எடுத்தவர் ஒருவர் இருக்கிறார், அவர் நடத்தவில்லை, மாதம் இத்தனை கொடுத்தால் நம்மை நடத்த விடுவாராம். நம் ஊரில் அலி பாபா என்று சிரித்துக்கொண்டே சொல்வோம்.

சிரிப்பை விட்டுவிட்டுக் கணக்குப் பாருங்கள். அவர் மருத்துவமனைக்குக் கட்டுவது ஒரு எண், உங்களிடம் வாங்குவது இன்னொரு எண். நடுவில் உள்ளது உங்கள் லாபத்திலிருந்து போகிறது. இத்தகைய ஒப்பந்தங்களில் மறு வாடகைக்கு விடக் கூடாது என்று எழுதியிருப்பது வழக்கம், அது தெரிந்த நாளில் நிர்வாகம் ஒப்பந்தத்தையே முடிக்கலாம். நீங்கள் கொடுத்த டிபாசிட்டுக்கு ரசீது இருக்காது, இருந்தாலும் மருத்துவமனைக்கு அதில் சம்பந்தமில்லை. இன்னும் மோசமானது, உங்கள் கடை நன்றாக ஓடினால். ஆறே மாதத்தில் அந்த மனிதரின் மருமகன் கடையை நடத்த ஆசைப்படுவார். எனக்குச் சரக்குப் பாக்கி நின்ற கடைகளில் இந்த ரகம்தான் அதிகம். நல்ல மனிதர்கள், ஒரு திங்கட்கிழமை போனால் கதவில் வேறு பூட்டு.

இதைச் செய்துதான் ஆக வேண்டும் என்றால் மூன்று காகிதங்களைப் பார்க்காமல் ஒரு வெள்ளியும் கொடுக்காதீர்கள்: மருத்துவமனை கொடுத்த ஒப்பந்தம், அதில் முடியும் தேதி, உங்களை நடத்த அனுமதித்து நிர்வாகம் எழுதிய கடிதம். மூன்றாவது காகிதம் வராது. வராதபோது என்ன செய்வது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

## பதிவும் கடனும்

வியாபாரம் தொடங்கி 30 நாளுக்குள் எஸ்எஸ்எம்மில் (நிறுவனங்கள் ஆணையம்) பதிய வேண்டும். சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயர் வைத்தால் 60. நாசி லெமாக் பொட்டலமோ வடையோ விற்பதாக இருந்தால், கையால் உணவைத் தொடும் எல்லாரும் உணவு கையாளுவோர் பயிற்சியும் டைபாய்டு ஊசியும் முடித்திருக்க வேண்டும், சுகாதார அமைச்சில் கடையைப் பதிய வேண்டும். பொட்டலம் போட்டு வரும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொண்டால் இந்தத் தலைவலி பெருமளவு குறையும்.

விஎஸ்எஸ் காசு முழுவதையும் கடையில் போடாதீர்கள். இந்தியச் சமூகத்துக்கென்று, சிறு வியாபாரக் கடன் கொடுக்கும் தெக்கூனில் ஸ்பூமி கடன் இருக்கிறது, இந்தியப் பெண்களுக்கு அமானா இக்தியாரில் 'பெண்' (PENN) கடன் திட்டம் இருக்கிறது, பேங்க் ராக்யாட்டில் பிரீஃப்-ஐ கடன் இருக்கிறது. கடை மனைவி பெயரில் இருந்தால் 'பெண்' திட்டத்தையும் பார்க்கலாம். போகும்போது எஸ்எஸ்எம் பதிவு, வங்கிக் கணக்கு விவரம், கடை இடத்துக்கான ஒப்பந்தம் மூன்றையும் எடுத்துப் போங்கள். அந்த ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். கைமாற்று லாட் எடுத்தவர்கள் கவுண்டரில் திணறுவது அந்த இடத்தில்தான்.